ஆடுகளத்தில் முளைத்த பயறு

காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எல்லாம் கைமீறிப் போனது. நேரத்தை இப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் கைபேசி. மகள் பந்து வீச ஓடிவரும்போதெல்லாம் நான் படம் பிடிப்பேன்; பிறகு அவள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துத் தன் இடது காலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். அன்றைய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் ஓடிவருகிறாள், கை சுழல்கிறது, பந்து கையை விட்டுப் போகிறது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் படத்தில் இருப்பது தென்னைகளின் தலை, வானம், என் செருப்பு. நான் எழுந்து ஓடியிருக்கிறேன் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பந்து எதிரணித் தலைவியின் ஹெல்மெட் கம்பியில் அடித்து, கம்பி தாடையில் இறங்கியிருந்தது. முட்டத்துக்காரப் பெண். அந்த வட்டாரத்தில் அவளைப் போல் மட்டை பிடிக்க ஆளில்லை. அவள் விழவில்லை. மெதுவாக மட்டையைக் கீழே வைத்தாள், அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் சிவப்பு பரவியது. என் மகள் பந்து வீசிய கையை அப்படியே மடக்காமல் வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றாள்.

அந்தப் பெண்ணின் சித்தி அவளைக் காரில் ஏற்றித் தக்கலைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கார் மைதானத்து வாசலைத் தாண்டியதும் எதிரணிப் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

“இது பிட்சா? இல்ல கேக்கேன், இது பிட்சா? கல்லுவெட்டான்குழில கொண்டு பிள்ளையள ஆட விட்டிருக்கீரு!”

ஆட்டம் நின்றது.

அது வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். நான் எதற்கும் கவலைப்படுகிறவள். பள்ளியில் உடன் வேலை பார்க்கிறவர்கள் என் கைப்பையைத் திறந்தால் வெப்ராளம்தான், அதாவது பதைபதைப்புதான், இருக்கும் என்பார்கள். ஆனால் அன்று கவலைக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநில முகாமுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஆள் எடுக்கும் கடைசி ஆட்டம் அது. மகளுக்கு அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். காலையிலிருந்து நான்கு விக்கெட் எடுத்திருந்தாள். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் குடையை ஒடித்திருந்தேன். ஆடுகளம் ஆபத்தானது என்று தீர்ப்பானால் ஆட்டம் ரத்து. விக்கெட்டுகளும் ரத்து. மறு ஆட்டம் கிடையாது. மறுநாள் பட்டியல் போய்விடும்.

மைதானம் இரணியலுக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் பந்து வீசும் இரண்டு முனைகளுக்கும் ரயில் முனை, கோயில் முனை என்று பெயர். மகள் ரயில் முனையிலிருந்து வீசினாள். அடிபட்ட பெண் நின்றது கோயில் முனையில்.

ஆட்ட நடுவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். களத்தில் நிற்கும் அம்பயர்களுக்கும் மேலே இவர். ஆடுகளத்துக்கு நல்லது, சுமார், மோசம், ஆபத்து என்று சான்று எழுதும் பொறுப்பு இவருடையது. ஒல்லியான மனிதர். கோபப்படாதவர். நிழலிலிருந்து எழுந்து வந்து, இரண்டு அணிகளையும் கயிற்றுக்கு வெளியே போகச் சொன்னார். எங்களையும்தான். நான் கயிற்றின் மேலேயே நின்றேன்.

அவர் பக்கத்தில் ஊர்க் கமிட்டிக்காரர் ஓடினார். மைதானமும் அவர் பொறுப்பு, கோயில் கொடை விழாவும் அவர் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே வேட்டி.

“சார், நம்ம பிட்ச் கொள்ளாம் சார். நான் சத்தியம் பண்ணித் தாறேன். கொள்ளாம்.”

நடுவர் நின்றார். “எது கொள்ளாது?”

“கொள்ளாதுன்னு செல்லேல்ல சார், கொள்ளாம்.”

“அதைத்தான் கேக்குறேன். எது கொள்ளாதாம்?”

“சாரே,” என்றார் பயிற்சியாளர், “கொள்ளாம்ன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்க ஊரு பாஷை. ஆனா இது கொள்ளாது. அது உங்க பாஷை.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். என் மகள் சிரிக்கவில்லை. அவள் தன் அணியோடு உட்காராமல் தண்ணீர்த் தொட்டி ஓரம் தனியாக இருந்தாள். அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. நடுவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. அது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

மகளின் ஆட்டத்துக்கென்று ஐந்தாறு வருடமாக மைதானம் மைதானமாக அலைகிறேன். ஆடுகளம் எப்படி என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் மகளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அவள் விக்கெட் எடுத்தால் நல்ல களம், அடி வாங்கினால் கெட்ட களம். எல்லாப் பெற்றோர் கணக்கும் இதுதான். மட்டைக்காரியின் அம்மாவுக்கும் பந்துக்காரியின் அம்மாவுக்கும் ஒரே களம் இருக்க முடியாது. ஒரு ஆள் அதை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பார்ப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அவர் முதலில் ஒன்றும் செய்யவில்லை. களத்தின் நீளத்துக்கு ஓரமாகவே நடந்தார். திரும்பி நடந்தார். பிறகு ரயில் முனையில் முழங்காலிட்டு, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்து பெருவிரலால் அழுத்தினார். வண்டிச் சாவியால் கீறினார். ஆட்டப் பந்தை வாங்கித் தோள் உயரத்திலிருந்து விட்டுவிட்டு, அது எவ்வளவு எழும்புகிறது என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். டப், டப், டப். எனக்கு அது கதவைத் தட்டுவது போல் கேட்டது.

பயிற்சியாளரால் சும்மா இருக்க முடியவில்லை. “எதுக்கு சாரே இந்தச் சோதனை? நாலு விக்கெட்டும் இந்தப் பிட்ச் தந்தது. அந்தப் பிள்ளைக்க கையில என்ன மாயமா இருக்கு?”

“ரெண்டு விக்கெட் யார்க்கர் ஓய்!” என்று கமிட்டிக்காரர் பாய்ந்தார். “நேரா கால்மாட்டுல போய் விழுந்த பந்து. குத்தி எழும்பாத பந்துக்குப் பிட்ச் எதுக்கு?”

எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டியும்விட்டேன் போல. நடுவர் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, நீங்க யாரு?”

“டீச்சர்,” என்றேன். அவர் கேட்டது அதில்லை.

“போன மாசம் உங்க கிரவுண்ட்ல ஆடினப்ப,” என்று அவர் பயிற்சியாளரிடம் சொன்னார், “ரெண்டு டீமும் அடி அடின்னு அடிச்சாங்க. ஒரு பந்தும் திரும்பல, எழும்பல. அதுக்கும் மோசம்னுதான் எழுதினேன்.”

“அதுல என்ன மோசம் சாரே? ஆளுக சந்தோஷமா கைதட்டினாவல்லா?”

“பேட் புடிக்கிற பிள்ளைகளுக்குக் கல்யாணம். பந்து போடுற பிள்ளைகளுக்குக் கருமாதி. ரெண்டையும் ஒரே பந்தல்ல நடத்துனா நியாயமா?” மறுபடி குனிந்தார். “ஒரே இடத்துல குத்துன பந்து ஒரே மாதிரி எழும்பணும். வேகமா வரட்டும், திரும்பட்டும், அது போடுறவ கெட்டித்தனம். ஒரு பந்து முட்டிக்கும், அதே இடத்துல குத்துன அடுத்த பந்து மூக்குக்கும் வந்தா, அது சூது.”

கோயில் முனையை நெருங்கும்போது ஒரு பந்து வேறு மாதிரிச் சத்தம் போட்டது. டப் இல்லை, தொப். எழும்பி அவர் கையைத் தாண்டி முகத்துக்கு நேராகப் போனது.

மைதானம் முழுக்க மூச்சை இழுத்தது. நான் கயிற்றைத் தாண்டினேன். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும்தான் தாண்டியிருந்தோம்.

வேகப்பந்து குத்த வேண்டிய இடத்துக்கு மிக அருகே, உள்ளங்கையகலத்தில், தரை இட்லி போல் மெல்ல உப்பியிருந்தது. சுற்றிலும் மயிரிழை வெடிப்பு. காலையில் அது இல்லை. இரண்டு அம்பயர்களும் அடித்துச் சொன்னார்கள். வெயில் ஏற ஏற எழும்பியிருக்கிறது. நடுவர் சாவியை நுழைத்துக் கிளறினார். மேல்மண் அடையாகப் பெயர்ந்து வந்தது. அடியில், வெள்ளை வாலும் பச்சைத் தலையுமாக, ஒரு பிடி முளைப்பயறு.

நடுவர் ஒரு பயறை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன, சுண்டலா?”

கமிட்டிக்காரர் முகம் வெளிறிவிட்டது. “அம்மே,” என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போன வாரம் அம்மனுக்குக் கொடை. மைதானத்தில்தான் பந்தல். பந்தலின் வடகிழக்கு மூலையில் முதல் கால் நாட்டுவார்கள். அந்த மூலை இந்த இடத்தில் விழுந்திருக்கிறது. கொடை முடிந்ததும் காலைப் பிடுங்கியாயிற்று.

“குழிய மூட வேண்டியதுதானே?” என்றார் நடுவர்.

“மூடினேன் சார். ஆனா கால்நாட்டுக் குழிய வெறுங்குழியா மூடப்பிடாது. ஊருக்கு ஆகாது. ஒரு பிடி நெல்லும் பயறும் போட்டுல்லா மூடணும்.”

“மூடிட்டு?”

“அதுக்கு மேல களிமண்ணு போட்டு, உருளை உருட்டி, நீங்க கடலாசுல எழுதி அனுப்பின மாதிரி மூணு நாளு தண்ணி தெளிச்சேன்.”

“நாந்தான் தண்ணி தெளிக்கச் சொன்னேன்,” என்றார் நடுவர்.

“ஆமா சார். நல்லா தெளிச்சேன்.”

பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்து நின்றார். சண்டைக்கு வந்த மனிதருக்குச் சிரிப்பு முட்டியது தெரிந்தது. “ஓய், பிட்ச்சுல ஆரும் புல்லு விடுவான். நீரு பயறுல்லா வெதச்சிருக்கீரு! இன்னும் ரெண்டு நாளு கழிச்சு மேட்ச் வச்சிருந்தா அறுவடை பண்ணிருக்கலாம்.”

“சாமி காரியத்தக் களியாக்காதயும் ஓய்.”

வேடிக்கை அதோடு முடிந்தது. நடுவர் அம்பயர்களையும் இரு பயிற்சியாளர்களையும் அருகில் அழைத்துச் சொன்னார். களத்தில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. பந்துக்கும் கொஞ்சம், மட்டைக்கும் கொஞ்சம் என்று இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. பயறை எடுத்துவிட்டு, மண் நிரப்பி இடித்து, இரண்டு அணித் தலைவிகளும் சம்மதித்தால் ஆட்டத்தைத் தொடரலாம். இதுவரை நடந்தது செல்லும். ஆனால் அந்தப் பெண்ணைக் காயப்படுத்திய பந்து இந்த உப்பலில் குத்தியிருந்தால், காலையிலிருந்தே ஆபத்தான களத்தில் ஆட விட்டிருக்கிறோம் என்று பொருள். அப்படியானால் எல்லாம் ரத்து.

உப்பலின் மேல் ஒரு சிவப்புப் பந்துத் தடம் இருந்தது. அதற்கு முன்னால், ரயில் முனைப் பக்கமாக இரண்டு முழம் தள்ளி, இன்னொரு தடமும் இருந்தது. எது அந்தப் பந்து? நேர் அம்பயர் உப்பல் என்றார். பக்கத்து அம்பயர் அதற்கு முன்னாலேயே குத்திவிட்டது என்றார். விக்கெட் கீப்பர் தான் கண்ணை மூடிவிட்டதாகச் சொன்னாள்.

“டீச்சரு படம் பிடிச்சாவல்லா!” என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் என் கைபேசியைச் சுற்றினார்கள். ஓட்டிப் பார்த்தோம். ஓட்டம், கை, டக், தென்னை, வானம், செருப்பு. குத்தும் நொடியில் என் விரல் பாதித் திரையை மறைத்திருந்தது. திரும்ப ஓட்டினோம். மறுபடி செருப்பு.

“நல்ல செருப்பு,” என்றார் பயிற்சியாளர்.

“அப்ப அடிபட்ட பிள்ளைதான் சொல்லணும்,” என்றார் நடுவர். “கேப்டனும் அவதான். சம்மதமும் அவதான் தரணும். வரட்டும்.”

“ஸ்கேன் எடுக்கணும் சாரே. எப்பம் வருவாளோ.”

“வரட்டும்.”

வடக்கே வேளிமலை மேல் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. மழை வந்தாலும் ஆட்டம் போய்விடும். மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தார், எடுத்ததும் “பிட்ச் ரிப்போர்ட் என்ன?” என்றார். சொன்னேன். “பயறா?” என்றார். “பயறுதான்,” என்றேன். “நம்ம பிள்ளைக்கு விக்கெட் கிட்டுமா கிட்டாதா?” “அந்தப் பிள்ளை வாயத் தொறந்தாத்தான் தெரியும். அதுக்க வாயிலதான் அடி.” கணவர் நன்மை வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கும் என்னைப் போல்தான். ஆனால் தூரம் அவரைக் கொஞ்சம் அமைதியாக்கி வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மகளிடம் போனேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பந்தின் சாயம் ஒட்டிய விரல்களைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயம் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

“எம்மா, பிட்ச் மோசம்னு சொல்லுவாரா?”

“சொல்ல மாட்டாரு மக்கா. அந்த ஒரு இடந்தானாம். மத்த இடமெல்லாம் நல்லாருக்குன்னாரு. உனக்க நாலு விக்கெட்டும்...”

“சொல்லட்டும்மா.”

எனக்குப் புரியவில்லை.

“மோசம்னு சொல்லட்டும். பயறுல குத்தித்தான் எழும்பிச்சுன்னு சொல்லட்டும். அப்பம் நான் அடிக்கல்ல. பிட்ச் அடிச்சது.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “நல்ல பிட்ச்னா, அது நான் போட்ட பந்து.”

பிள்ளை காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தது இது. நான் நினைத்துக்கொண்டிருந்தது முகாம். ஒரே களத்தின் மேல் நானும் அவளும் எதிரெதிர் அணியாக நின்றிருக்கிறோம். என்ன சொல்லலாம் என்று தேடினேன். விக்கெட் வேண்டாம், போகட்டும் என்று சொன்னால் பொய். உன்மேல் தப்பில்லை என்று சொன்னால், அதை நான் எப்படி அறிவேன்? என் படத்தில் செருப்பு மட்டும்தான் இருக்கிறது.

“ஷார்ட்டாத்தான் போட்டியா?” என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

“ஷார்ட்டாத்தான் போடப் பாத்தேன், முகத்துக்கு எழும்புத மாதிரி. அவளுக்கு அதுதான் பிடிக்காது. எங்க குத்திச்சுன்னு எனக்குத் தெரியல்லம்மா. சத்தியமா தெரியல்ல.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில் ஒன்று இரணியல் நிலையத்தை விட்டுக் கூவிக்கொண்டு போனது. களத்தில் கமிட்டிக்காரர் பயறு முழுவதையும் ஒரு பயறு விடாமல் பொறுக்கி மேல்துண்டில் கட்டினார். தூர எறியவும் கூடாதாம், கோயில் கிணற்றடியில் போட வேண்டுமாம். பிறகு ஈர மண்ணை நிரப்பி இடிகட்டையால் இடித்தார். நடுவர் அதே இடத்தில் பந்தை விட்டுப் பார்த்தார். தொப். மறுபடி இடித்தார். தொப். மறுபடி. இரண்டு அணிப் பெண்களும் இப்போது ஒரே கூட்டமாகச் சுற்றி நின்று எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இடிக்கும் ஒரு கூச்சல். பயிற்சியாளர் பொறுக்க முடியாமல் இடிகட்டையைப் பிடுங்கிக்கொண்டு, “விலகும் ஓய், நீரு பருப்பு கடையுகீரு,” என்று தானே இடித்தார். வியர்வை சொட்டச் சொட்ட இடித்தார். எந்தக் களத்தை ரத்து செய்யச் சொன்னாரோ அதை.

நடுவர் பந்தை விட்டார்.

டப்.

மைதானமே ஆர்ப்பரித்தது. நானும் எழுந்துவிட்டேன். மகள் மட்டும் எழவில்லை. வாசலைப் பார்த்தபடி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வயதில் அவள் அப்படிப் பிடித்தது எனக்குப் பயத்தைத் தந்தது.

கார் வந்தது.

முதலில் சித்தி இறங்கினார், கையில் ஸ்கேன் உறையோடு. “ஒண்ணும் இல்ல, உள்ள ஒண்ணும் இல்ல,” என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். நான் தொட்டி விளிம்பிலேயே திரும்ப உட்கார்ந்தேன். பின்னால் அந்தப் பெண் இறங்கினாள். தாடையில் வெள்ளைக் கட்டு. சட்டையில் காய்ந்த ரத்தம். இன்று ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நடுவர் எதிரே போனார். பயறு, உப்பல், இரண்டு தடங்கள் எல்லாவற்றையும் சொன்னார். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். களத்துக்கு நடந்து போய், இடித்த இடத்தைப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த தடத்தைப் பார்த்தாள். அந்தத் தடத்தின் மேல் காலை வைத்தாள்.

“இதுதான் சார்.” வாயை அதிகம் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் பேசினாள். “அந்த மேட்டுல குத்தல்ல. ஷார்ட்டா வந்தது. நான் தூக்கி அடிக்கப் போனேன். கடைசியில பயந்து கண்ண எடுத்துட்டேன். பிட்சுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஆட்டத்தத் தொடங்குங்க.”

பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நேராக வந்தாள். மகள் எழுந்து நின்றாள். என் சேலையை விடவில்லை. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி, தையல் எனக்கில்லா போட்டிருக்கு, நீ எதுக்கு அழுக? அம்மைக்க சேலைய விடு. உனக்க ஓவர்ல இன்னும் ரெண்டு பந்து பாக்கி கிடக்கு, போய்ப் போடு. பொறவு நீ பேட்டிங் பிடிக்க வருவேல்லா? எனக்க பிள்ளையளும் ஷார்ட்டா போடுவாளுவ. கண்ண மட்டும் எடுத்திராத, கேட்டியா.”